ஓர் அறையில் எத்தனை பேர்: கரிசல் பட்டாசு ஊர்களின் சாவுக் கணக்கு

பட்டாசு ஆலை வெடிவிபத்துச் செய்திகளில் இரண்டாவது பத்தி எப்போதும் ஒன்றுதான். மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டுத் தீப்பற்றியது என முதற்கட்ட விசாரணையில் தெரிகிறது, போர்மேன் கைது, உரிமையாளரைப் போலீசார் தேடி வருகின்றனர், முதலமைச்சர் இரங்கல், நிவாரணம் அறிவிப்பு. ஊர்ப் பெயரையும் எண்ணையும் மாற்றிவிட்டால் 1991-லும் 2025-லும் அதே பத்தியை அச்சிடலாம். அந்தப் பத்தி கேட்காமல் விடுகிற கேள்வி ஒன்று உண்டு. மருந்தைக் கையில் எடுக்கிற இடத்தில் உராய்வு என்றைக்கும் இருக்கும். அப்படி எழும் ஒரு பொறியில் ஒரு நாள் ஒருவர் சாகிறார், இன்னொரு நாள் நாற்பது பேர் சாகிறார்கள். ஒன்றை நாற்பதாக்குவது எது?

இளையரசனேந்தல் பக்கத்து ஊர்களில் நின்று இதைப் பார்ப்பது நல்லது. சிவகாசியிலிருந்து பார்த்தால் தொழில் தெரியும். இங்கிருந்து பார்த்தால் தொழிலுக்கு ஆள் அனுப்பும் ஊர் தெரியும். கோவில்பட்டிக்கு மேற்கே இருக்கும் பழைய ஜமீன் ஊர் இது. ஒரு பக்கம் திருவேங்கடம், ஒரு பக்கம் கழுகுமலை, வடக்கே போனால் வெம்பக்கோட்டை, சிவகாசி. சுற்றிலும் மானாவாரிக் கரிசல். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்ததுக்குத் தை, மாசியில் வெள்ளாமை வீடு வந்தால் உண்டு. மழை ஏய்த்துவிட்டால் அதுவும் இல்லை. மீதி மாதங்களை ஓட்டுவது தீப்பெட்டி ஆபீசும் பட்டாசு ஆபீசும்தான். விடிவதற்குள் வேன் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும். சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த இந்தப் பிர்கா பிறகு தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி வட்டத்துக்கு மாற்றப்பட்டது. ஊராட்சி ஒன்றியம் மட்டும் நெடுநாள் பழைய குருவிகுளத்திலேயே கிடந்தது. செத்தவர் ஒரு மாவட்டம், செத்த இடம் வேறு மாவட்டம், உரிமம் தந்த அலுவலகம் சென்னையிலோ நாக்பூரிலோ என்கிற சிக்கல் இங்கே யாருக்கும் புதிதல்ல.

விபத்தும் தூரத்து விஷயமல்ல. 2019 பிப்ரவரியில் திருவேங்கடம் அருகே வரகனூரில் 6 பேர். 2022 பிப்ரவரியில் கோவில்பட்டி அருகே துறையூரில் 4 பேர். இவை தலைப்புச் செய்தியாக ஒரு நாள் தாங்கின. ஒருவர், இருவர் செத்தவை மாவட்டப் பக்கத்தைத் தாண்டுவதில்லை.

தொழில் வந்த கதை பலருக்கும் தெரியும். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். வறண்ட வானிலை குச்சி காய்வதற்குத் தோதாக இருந்தது, வேலையில்லாத கைகள் ஏராளமாக இருந்தன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றது. 1940-ன் வெடிபொருள் விதிகளோடு உரிம முறையும் உறுதிப்பட்டது. அந்த இடைவெளியில் சிவகாசி பட்டாசுக்குள் நுழைந்தது. இன்று நாட்டின் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இந்த வட்டாரத்தினுடையது என்பார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள். வேலைக்குப் போகிறவர்கள் லட்சக்கணக்கில். கரிசலில் பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டுப் போகாமல் இருந்தவர்கள் பலர் இந்தத் தொழிலால்தான் இருந்தார்கள். இதை மறுத்துவிட்டுப் பேசுகிறவர்களின் பேச்சு இந்த ஊர்களில் எடுபடாது, எடுபடவும் வேண்டியதில்லை.

ஒரு பொறியில் கூட்டமாகச் சாவது என்கிற துயரத்தைத் தொழிலோடு சேர்த்து முதலில் அனுபவித்தவை நிலக்கரி ஊர்கள். அவற்றின் இருநூறு ஆண்டுக் கதையைப் படித்தால் நம் கதை பல இடங்களில் முன்கூட்டியே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது.

1812-ல் வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கத்தில் வாயு வெடித்து 92 பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியில் பிறந்த முயற்சியின் பலன்தான் 1815-ல் ஹம்ப்ரி டேவி செய்த பாதுகாப்பு விளக்கு. சுடரைக் கம்பி வலைக்குள் அடைத்த எளிய கருவி அது. ஆனால் சாவு குறையவில்லை. விளக்கு இருக்கிறது என்கிற தைரியத்தில், அதுவரை வாயுவுக்குப் பயந்து மூடி வைத்திருந்த ஆழமான படிவங்களை முதலாளிகள் திறந்தார்கள். கருவி தந்த பாதுகாப்பை உற்பத்தி தின்றுவிட்டது. நம் ஆலைகளிலும் இது நடந்திருக்கிறது. தரையில் ரப்பர் விரிப்பு, உள்ளே நுழையுமுன் கை வைத்து நிலைமின்சாரத்தை இறக்கும் செம்புத் தகடு, வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள், அறைக்கும் அறைக்கும் இடைவெளி, நடுவே மரங்கள் என விதிகள் கேட்கும் ஏற்பாடுகள் நல்லவைதான். ஆனால் அதே காலத்தில் செய்கிற சரக்கு மாறிவிட்டது. சீனிவெடி, ஓலைவெடி செய்த கைகள் வானத்தில் போய் நிறம் நிறமாக விரியும் பேன்சி ரகத்துக்குப் போயின. அதற்கு மணி மருந்து வேண்டும்; உருட்டி, காயவைத்து, குழாயில் அடைக்க வேண்டும். ஒவ்வொரு படியும் முன்பில்லாத ஆபத்து. விளக்கு கிடைத்தது, படிவம் ஆழமானது.

நிலக்கரி வரலாற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 1862 ஜனவரியில் இங்கிலாந்தில் நடந்த ஹார்ட்லி சுரங்க விபத்து. அதில் வெடிப்பே இல்லை. நீரிறைக்கும் எந்திரத்தின் பெரிய உத்தரம் முறிந்து சுரங்க வாய்க்குள் விழுந்தது. அந்தச் சுரங்கத்துக்கு ஒரே ஒரு வாய். அது அடைபட்டதால் உள்ளே இருந்தவர்கள் காற்றில்லாமல் இறந்தார்கள். மொத்தம் 204 பேர். இரும்பு முறியாமல் இருக்க என்ன செய்வது என்பதோடு அன்று பேச்சு நிற்கவில்லை. ஒரு சுரங்கத்துக்கு ஏன் ஒரே வாய் என்று கேட்டார்கள். அந்த ஆண்டே சட்டம் வந்தது: இனி இரண்டு வாய் இல்லாத நிலக்கரிச் சுரங்கம் நடக்கக் கூடாது. இரும்பு அதற்குப் பிறகும் முறிந்திருக்கும். ஆனால் ஒரு முறிவு ஒரு ஊரையே கொல்ல முடியாமல் போனது.

நம் பட்டாசு விதிகளின் அடிப்படையும் இதே அறிவுதான். இங்கிலாந்தின் 1875-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தைப் பின்பற்றி இந்தியாவில் 1884-ல் வெடிபொருள் சட்டம் வந்தது. வெடிப்பு நடக்கத்தான் செய்யும் என்று அந்தச் சட்டம் முதலிலேயே ஒப்புக்கொண்டது. அதனால்தான் சிறுசிறு அறை, அறைக்குள் அளவான மருந்து, அளவான ஆள், இடையில் தூரம் என்று வகுத்தது. இன்றைய 2008 விதிகள் வரை அந்த வழிதான். வேலை அறையில் 4 பேருக்கு மேல் கூடாது. கலக்கும் இடத்திலும் அடைக்கும் இடத்திலும் அதைவிடக் குறைவு. இந்த எண்ணைக் காப்பாற்றிய ஆலையில் பொறி விழுந்தால் ஒரு வீடு துக்கம் காக்கும். காப்பாற்றாத ஆலையில் ஊரே காக்கும். ஆகவே சாவு எண்ணிக்கையைப் பொறி தீர்மானிப்பதில்லை. காலை ஏழு மணிக்கு அந்த அறைக்குள் எத்தனை பேர் போனார்கள் என்பதிலேயே அது தீர்மானமாகிவிடுகிறது.

அப்படியானால் நான்கு பேர் போக வேண்டிய அறைக்குள் பத்துப் பேர் எப்படிப் போகிறார்கள்? இங்கேதான் உள்குத்தகை வருகிறது.

உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். ஆலையின் அறைகளைப் பகுதி பகுதியாக வேறு சிலருக்கு அவர் வாடகைக்கு விடுவார். ஒவ்வொரு குத்தகைக்காரரும் தன் மருந்து, தன் ஆள், தன் ஆர்டரோடு வருவார். ஒரே வேலிக்குள் நாலைந்து முதலாளிகள், ஆனால் காகிதத்தில் ஒருவர். குத்தகைக்காரருக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது. எடுத்த அறைகள் சில. தீபாவளிக்குள் சரக்கு போக வேண்டும். அவர் அறையைக் கூட்ட முடியாது, ஆளைத்தான் கூட்ட முடியும். அறைக்குள் இடமில்லை என்றால் மரத்தடியில் உட்கார வைப்பார். மாவட்ட வருவாய் அலுவலர் தரும் 15 கிலோ உரிமத்தில் பெரிய ஆலைக்குரிய பேன்சி ரகம் செய்யப்படுவதும் இப்படித்தான். அறைகளுக்கு இடையே விட்ட தூரம் மருந்துப் பெட்டிகளால் நிரம்புகிறது.

பழைய நிலக்கரி ஊர்களுக்கு இதுவும் தெரியும். இங்கிலாந்தில் இடைத்தரகர் ஒருவர் படிவத்தின் ஒரு பகுதியை எடுத்துத் தன் ஆட்களை வைத்து வெட்டுவார். நம் ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரி வயல்களில் ரெய்சிங் கான்ட்ராக்டர்கள் இருந்தார்கள். டன் கணக்கில் கரியை மேலே கொண்டுவந்து கொட்டினால் பணம். கூரையைத் தாங்க முட்டுக் கொடுப்பதற்கு டன் கணக்கில் பணம் கிடையாது, ஆகவே முட்டுக் கொடுக்கும் நேரம் நட்ட நேரம். நம் ஆலைகளில் குரோஸ் கணக்கில் கூலி. மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறைக்கு எடுத்து வந்தால் நடை அதிகம், குரோஸ் குறையும். ஒரே நடையில் நிறைய எடுத்து வந்தால் கூலி கூடும். இதைக் கவனக்குறைவு என்று எழுதுவது நியாயமல்ல. தொழிலாளி மிகக் கவனமாகக் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார். கணக்கை அப்படி வைத்தவர் வேறொருவர்.

வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையும் இதில் உண்டு. தீபாவளிக்கோ வீட்டு விசேஷத்துக்கோ வாங்கிய முன்பணம் கழியும்வரை வேறு ஆபீசுக்குப் போக முடியாது. தமிழர்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிய பழைய இடம் ஒன்று நினைவுக்கு வருகிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நியூகாசில், டண்டி சுரங்கங்களில் ஒப்பந்தக் கூலிகளாக இருந்தவர்களில் சென்னை மாகாணத்தவர் ஏராளம். 1913 அக்டோபரில் டிரான்ஸ்வாலிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் அழைத்து அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். காந்தியின் பெரும் பயணம் அவர்களை வைத்துத்தான் நடந்தது. அரசு என்ன செய்தது? சுரங்க வளாகங்களையே சிறையாக அறிவித்து, மேற்பார்வையாளர்களைச் சிறைக் காவலர்களாக்கி, அதே சுரங்கத்துக்குள் இறக்கியது. மறுக்க முடியாதவனிடம் பாதுகாப்பு விதியைப் படித்துக் காட்டிப் பயனில்லை என்பதற்கு இதைவிடப் பச்சையான உதாரணம் எனக்குத் தெரியாது.

மருந்தின் குணத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் உராய்வு என்று ஒரே காரணமாக எழுதிவிடுகிறார்கள். வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த பழைய கருமருந்து ஒப்பீட்டில் சாது. அலுமினியப் பொடி சேர்ந்த வெள்ளை மருந்து அப்படியல்ல. அதில் ஈரம் ஏறினால் உள்ளுக்குள்ளேயே மெல்லச் சூடேறும். அதனால்தான் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது என்பது விதி. மறுநாள் காலையில் வந்து முந்தின நாள் மருந்தைத் தொடுகிறவர் உராய்வால் மட்டும் சாகவில்லை. நேற்று யாரோ அளவுக்கு மேல் கலந்ததால் சாகிறார். குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்ப்பது இன்னும் கொடியது. 1992-லேயே அந்தச் சேர்க்கை தடை செய்யப்பட்டது. மேலே சொன்ன வரகனூரும் துறையூரும், இனி சொல்லப்போகும் அச்சங்குளமும், 2024-ல் வெம்பக்கோட்டை அருகே 10 பேர் இறந்ததும் எல்லாம் பிப்ரவரி மாதம். காற்று வறண்டு நிலைமின்சாரம் ஏறும் பருவம் அது. இன்னொரு பருவம் தீபாவளிக்கு முந்தைய நெருக்கடி மாதங்கள். 2023 அக்டோபர் 17-ல் ரெங்கபாளையத்தில் 13 பேர், பெரும்பாலும் பெண்கள், இறந்தார்கள். சாம்பிள் வெடித்துப் பார்த்தபோது பொறி சரக்கில் விழுந்தது என்று செய்திகள் கூறின. விற்கிற இடமும் வெடித்துப் பார்க்கிற இடமும் அடுக்கி வைத்திருக்கிற இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வேறென்ன ஆகும்?

முதலிப்பட்டியைத் தனியாகப் பேச வேண்டும். 2012 செப்டம்பர் 5, தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, நண்பகல். சிவகாசி அருகே அந்த ஊரில் ஓர் ஆலையில் முதலில் பற்றியது பெரிய தீ அல்ல. புகையைப் பார்த்துச் சுற்று ஊர்களிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். உள்ளே சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று பார்க்க வந்தவர்கள், தூக்கி வெளியே போட வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் உண்டு. அதன் பிறகுதான் மருந்து சேமித்து வைத்திருந்த கட்டடம் வெடித்தது. இறந்தவர்கள் 40 பேர் வரை. அவர்களில் பலருக்கும் அந்த ஆலைக்கும் சம்பந்தமில்லை. அந்த ஆலையின் உரிமம் விதிமீறலுக்காக ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்ததாகவும், அறைகள் குத்தகைக்கு விடப்பட்டிருந்ததாகவும் அப்போது செய்திகள் வந்தன.

சுரங்க ஊர்களில் முதல் வெடிப்பைவிட அதன் பிறகு பரவும் நச்சுவாயு அதிகம் பேரைக் கொன்றது. காப்பாற்ற இறங்கியவர்களும் அதில் விழுந்தார்கள். யார், எப்போது, என்ன கருவியோடு உள்ளே போகலாம் என்று தீர்மானிக்கும் பயிற்சி பெற்ற மீட்புப் படைகள் பின்னால் சுரங்க வட்டாரங்களில் நிலையாக ஏற்பட்டன. 1906-ல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் இறந்த பிறகு, இருபது நாள் கழித்து 13 பேர் தாங்களாக உயிரோடு வெளியே வந்தார்கள். மீட்புப் பணியைச் சீக்கிரம் கைவிட்டதற்காக நாடே கொதித்தது. நம்மிடம் தீயணைப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் பட்டாசு ஆலை ஒவ்வொன்றையும் சுற்றி இருக்கிற ஊர்களுக்கு, புகை தெரிந்தால் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எந்தக் கட்டடத்தில் சேமிப்பு இருக்கிறது என்று யார் சொல்லித் தந்திருக்கிறார்கள்? முதலிப்பட்டிக்குப் பிறகு ஊர்க்காரர்களைக் குறை சொன்னவர்கள் உண்டு. தங்கச்சி உள்ளே இருக்கும்போது எட்டி நிற்கச் சொல்வதற்குக்கூட ஓர் ஏற்பாடு வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் இந்தத் தொழில் மாறியிருக்கிறது. அந்த மாற்றமும் சாவைக் கடந்துதான் வந்தது. இங்கிலாந்தில் 1838-ல் ஹஸ்கர் சுரங்கத்தில் மழைவெள்ளம் புகுந்து 26 குழந்தைகள் இறந்த பிறகுதான், 1842-ல் பெண்களையும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும் நிலத்தடியில் இறக்கத் தடை வந்தது. இங்கே தீப்பெட்டி ஆபீசுகளில் குச்சி அடுக்கிய பிஞ்சுக் கைகளைப் பற்றி 1980-களில் நாடே பேசியது. சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் உலகம் சுற்றியது. எம்.சி. மேத்தா வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம் குழந்தைகளுக்குக் காப்பீடு வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் 39 பேர் இறந்தார்கள். நீதிமன்றம் தானாகவே அதைக் கையிலெடுத்தது. 1996 டிசம்பர் தீர்ப்பில், ஆபத்தான தொழிலில் வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று வந்தது. பள்ளிக்கூடமும் சத்துணவும் சேர, இன்று ஆபீஸ் வேனில் குழந்தைகளைப் பார்ப்பது அரிது. ஆனால் வேலை வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. சரவெடிக்கும் பேரியம் மருந்துக்கும் 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது காற்றுக்காக, நல்லதுதான். தடையான சரக்குக்கு வாங்க ஆள் இருந்ததால் அது ஆலையை விட்டு வீட்டுக்கும் கொட்டகைக்கும் போனது. 2021 ஜூனில் தாயில்பட்டியில் வீட்டில் பட்டாசு செய்தபோது வெடித்துக் குழந்தையும் இறந்தது. டெல்லியின் காற்றைக் கணக்கிட்ட யாரும் தாயில்பட்டியின் வீட்டைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

குழந்தைகள் போன இடத்தில் இப்போது பெண்கள். ஜாரியாவில் ஒரு காலத்தில் கணவன் வெட்ட, மனைவி சுமக்க, இருவரும் சேர்ந்தே சுரங்கத்தில் இறங்கினார்கள். 1929-ல் தொடங்கிப் படிப்படியாகத்தான் பெண்களை மேலே கொண்டுவந்தார்கள். கரிசல் ஆலைகளிலும் கணவனும் மனைவியும் ஒரே வேனில் போகிற குடும்பங்கள் நிறைய. விபத்தில் இருவரும் போனால் மிஞ்சும் பிள்ளைகளுக்குப் பாட்டிதான் கதி. 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர், பட்டாசு விபத்தில் இறந்தவர்களின் பிள்ளைகளுடைய படிப்புச் செலவை அரசு ஏற்கும் என்று அறிவித்தார். இவ்வளவு காலம் கழித்து வந்ததே என்ற வருத்தம் இருந்தாலும், நிவாரண வரலாற்றில் இது உருப்படியான அறிவிப்பு.

இழப்பீட்டின் கதை சுருக்கமானது. 1837-ல் இங்கிலாந்தில் கசாப்புக் கடை வேலையாள் ஒருவர் தொடுத்த வழக்கில், வேலையின் ஆபத்தைத் தெரிந்தே ஏற்றவன் முதலாளியைக் கேட்க முடியாது என்கிற பாதைக்கு நீதிமன்றம் வழி போட்டது. அதை உடைக்கப் பல பத்தாண்டு ஆயின. இந்தியாவில் 1855-லேயே மரண விபத்துச் சட்டம் இருந்தும், தொழிலாளி குடும்பத்துக்கு நடைமுறையில் ஏதாவது கிடைக்க 1923-ன் இழப்பீட்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. அபராதங்களோ கேலிக்கூத்து. 1913-ல் வேல்ஸ் நாட்டின் செங்கெனித் சுரங்கத்தில் 439 பேர் இறந்ததற்கு மேலாளருக்கு 24 பவுண்டு, கம்பெனிக்கு 10 பவுண்டு. நம் நாட்டில் 1975 டிசம்பர் 27-ல் சாஸ்நாலாவில் மேலேயிருந்த பழைய சுரங்கத்தின் தண்ணீர் உடைத்துக்கொண்டு இறங்கி 370-க்கும் மேற்பட்டவர்களை மூழ்கடித்தது. அதிகாரிகள் இருவருக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது 2012-ல். கரிசலில் வழக்குகள் பெரும்பாலும் போர்மேனோடு தொடங்குகின்றன. குத்தகைக்காரர் தலைமறைவு, உரிமக்காரர் முன்ஜாமீன், சில வாரங்களில் வேறு பெயரில் வேறு வேலிக்குள் அதே குத்தகை. குடும்பத்துக்கு நிவாரணக் காசோலை. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது இந்த வரிசை கொஞ்சம் மாறியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக வழக்கெடுத்துக் குழு அமைத்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்று இழப்பீட்டை வரையறுத்தது. பிணத்தின் விலை ஏறினால்தான் ஆலைக்குள் ஆள் எண்ணிக்கை இறங்கும் என்று சொல்வது கொடூரமாகத் தோன்றலாம். நிலக்கரி வரலாறு அப்படித்தான் சொல்கிறது.

இந்தியச் சுரங்கங்களும் ஒன்றும் பூங்காவாக இருக்கவில்லை. 1958-ல் சின்னாகுரியில் சுமார் 175, 1965-ல் தோரியில் 268 என்று சாவுகள் தொடர்ந்தன. ஆனால் அங்கே மூன்று விஷயங்கள் நடந்தன. 1902 முதலே சுரங்கத்துக்கென்று தனி ஆய்வுத் துறை இருக்கிறது. பெரிய விபத்துக்கு விசாரணை நீதிமன்றம் அமர்ந்து காரணத்தை எழுதி வைக்கிறது. 1971 முதல் 1973 வரை நடந்த தேசியமயமாக்கலில் ஜாரியாவின் சில்லறைக் குத்தகைகள் ஒழிந்தன. தேசியமயத்துக்குப் பின்னும் சாஸ்நாலா நடந்தது என்று கேட்பார்கள். நடந்தது. ஆனால் அது ஏன் நடந்தது என்பது இன்றும் ஒருவர் எடுத்துப் படிக்கக் கூடிய காகிதத்தில் இருக்கிறது.

பட்டாசுக்கு இதில் எது இருக்கிறது? பெசோ என்கிற மத்திய வெடிபொருள் துறை, மாநிலத் தொழிலகப் பாதுகாப்புத் துறை, வருவாய்த் துறை, போலீஸ், தீயணைப்பு என்று ஐந்து கண்கள். எல்லோரும் பார்க்க வேண்டியது யாரும் பார்க்காததாக முடிகிறது. ஆய்வு வருகிறது என்று தெரிந்தால் அன்றைக்கு மரத்தடி காலியாக இருக்கும். வெடிபொருள் சட்டத்திலும் பெரிய விபத்துகளுக்கு விசாரணை நடத்த இடம் உண்டு. ஆனால் ஊருக்குத் தெரிய வருவது எஃப்.ஐ.ஆரும் நிவாரணத் தொகையும் மட்டுமே. வரகனூரில் ஆறு பேர் எந்த அறையில், எவ்வளவு மருந்தோடு, யாருடைய குத்தகையில் இருந்தார்கள் என்பதைத் திருவேங்கடத்து ஆள் ஒருவர் தெரிந்துகொள்ள இன்று வழி எது?

பெரிய நிறுவனங்கள் சிலவற்றில் விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றன, கலவைக்கு எந்திரம் வந்திருக்கிறது என்பது உண்மை. அவர்கள் விலைக்கு உள்குத்தகைக்காரர் குறைத்து விற்கிறார் என்பதும் உண்மை. ஆகவே ஒழுங்காக நடத்துகிறவருக்கும் உள்குத்தகை எதிரிதான். உற்பத்தியாளர் சங்கங்கள் இதை மேடையில் ஒப்புக்கொண்டு தெருவில் கண்டுகொள்ளாமல் விடுவதுதான் புரியவில்லை. பசுமைப் பட்டாசு வந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று சிலர் சொல்வது வேறு குழப்பம். புகை குறைவது வெடிக்கிறவருக்கு நல்லது. அடைக்கிறவருக்கு அது இன்னும் மருந்துதான்.

செய்ய வேண்டியது பெரிய சட்டம் அல்ல. இருக்கிற எண்ணை வெளியில் தெரிய வைப்பது. ஒவ்வொரு ஆலை வாசலிலும் தமிழில் பலகை வேண்டும்: உரிமக்காரர் யார், எந்த ரகத்துக்கு உரிமம், எத்தனை அறை, அறைக்கு எத்தனை ஆள், மருந்துச் சேமிப்பு எந்தப் பக்கம். அதன் நகல் சுற்றியுள்ள ஊராட்சிகளில் இருக்க வேண்டும். இளையரசனேந்தல்போல இரண்டு மாவட்டத்துக்கு நடுவே கிடந்த ஊர்களில் கட்டாயம் இருக்க வேண்டும். விபத்து விசாரணை அறிக்கைகளை, ஒருவர் இறந்த சிறு விபத்து உட்பட, தமிழில் அச்சிட்டுக் கிராம சபையில் வைக்க வேண்டும். உள்குத்தகை நிரூபணமானால் வழக்கின் முதல் பெயர் உரிமக்காரருடையதாக இருக்க வேண்டும், போர்மேனுடையதாக அல்ல. விருதுநகர், தூத்துக்குடி, தென்காசி மூன்று மாவட்ட நிர்வாகங்களும் ஓர் உத்தரவில் பலகையையாவது தொடங்கி வைக்கலாம். வருகிற தீபாவளிக்கு வேன் நிரம்பத் தொடங்குமுன் அதைச் செய்யுங்கள்.